காற்றில் கரியமில வாயு கூடினால் புல்லுக்கு என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி வகுப்போ, விவசாயிகள் கூட்டமோ, புல்வெளிகளைப் பற்றி எங்கே பேசினாலும் கடைசியில் வந்து நிற்பவை ஏறக்குறைய இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். முதலில் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கரியமில வாயு செடிக்குச் சாப்பாடுதானே? கூடினால் நல்லதுதானே?

பாதி சரி. செடியின் உடம்பில் உள்ள கார்பன் முழுக்கக் காற்றிலிருந்துதான் வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இலைக்குக் கிடைக்கும் கார்பன் கூடியிருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கார்பனை மட்டும் வைத்துக்கொண்டு இலையைக் கட்ட முடியாது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்), இரும்பு, துத்தநாகம் எல்லாம் மண்ணிலிருந்து வர வேண்டும். காற்று தாராளமாகக் கொடுக்கும்போது மண்ணும் அதே வேகத்தில் கொடுக்குமா என்பதுதான் விஷயமே. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்துக்குத்தான் திரும்பி வரும்.

புல்லுன்னா எல்லாம் ஒண்ணுதானே? அதென்ன சி3, சி4?

கரியமில வாயுவைப் பிடிப்பதில் புற்களுக்குள் இரண்டு வழி உண்டு. சி3 வழியில் ரூபிஸ்கோ என்ற நொதி நேரடியாக அதைப் பிடிக்கிறது. அந்த நொதிக்கு ஒரு குறை: கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆக்சிஜனையும் பிடித்துவிடும், அப்போது ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சம் வீணாகும். வெயில் ஏற ஏற இந்த இழப்பும் ஏறும். காற்றில் கரியமில வாயு கூடினால் இழப்பு குறையும். அதனால்தான் சி3 செடிகளுக்கு அது நேரடி லாபம்.

சி4 புல் முதலில் வேறொரு நொதியால் கார்பனைப் பிடித்து, இலை நரம்பைச் சுற்றியுள்ள உறை செல்களுக்குள் கொண்டுபோய்க் குவிக்கிறது. அங்கேதான் அதன் ரூபிஸ்கோ வேலை செய்கிறது. உள்ளேயே அடர்த்தி அதிகம் என்பதால் வெளிக்காற்றில் கூடினாலும் குறைந்தாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. 1960-களில் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் இந்த வழியை விளக்கியது கரும்பில்தான்.

எது எந்த வகைன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நெல், கோதுமை, பார்லி, ஓட்ஸ், மூங்கில் எல்லாம் சி3. சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, மக்காச்சோளம், கரும்பு, அருகம்புல், கொழுக்கட்டைப்புல் எல்லாம் சி4. மேலோட்டமாகச் சொன்னால், குளிர்ந்த பிரதேசப் புற்களில் பெரும்பாலானவை சி3, வெயில் காயும் சமவெளிப் புற்களில் பெரும்பாலானவை சி4. நெல் வெயில் நாட்டுப் பயிர்தான், ஆனாலும் சி3. கோரை புல்லே இல்லை, அது தனிக் குடும்பம்.

சரி, அப்போ சி3-க்கு லாபம், சி4-க்கு ஒண்ணுமில்லைன்னு எடுத்துக்கலாமா?

பாடப்புத்தகங்கள் நெடுநாள் அப்படித்தான் சொல்லி வந்தன. ஆனால் தண்ணீரைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறுகிறது. இலையில் காற்று நுழையும் துளைகள் வழியாகத்தான் ஈரமும் வெளியே போகிறது. கரியமில வாயு கூடினால் அந்தத் துளைகளைக் கொஞ்சம் மூடிக்கொண்டே தேவையான கார்பனை எடுத்துவிடலாம். ஈரம் மிச்சமாகும், மண் மெதுவாகக் காயும். இந்த லாபம் சி3, சி4 இரண்டுக்கும் பொது.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் செயென் நகருக்கு அருகே வறண்ட புல்வெளி ஒன்றில் கரியமில வாயுவை 600 பங்குக்கு உயர்த்தி, வெப்பத்தையும் கூட்டிப் பார்த்தார்கள். வெப்பத்தால் காய வேண்டிய மண்ணின் ஈரத்தைக் கரியமில வாயு காப்பாற்றிக் கொடுத்தது. அங்கே செழித்தவை சி4 புற்கள். இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோளத்தில் நடந்த சோதனையில், மழை போதுமான அளவு பெய்த ஆண்டில் கூடுதல் கரியமில வாயுவால் மகசூல் கூடவே இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சி4 புல்லுக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும்: வறட்சியிலிருந்து.

திறந்த வெளியில காத்தை எப்படிச் சோதிக்கிறாங்க? பறந்து போயிடாதா?

பறந்துதான் போகும், அதனால் விட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் அடிக்கடி உதாரணம் காட்டும் பயோகான் சோதனை, மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் நகருக்கு வடக்கே சீடர் கிரீக் என்ற ஆய்வு நிலத்தில் இருக்கிறது. 20 மீட்டர் விட்டமுள்ள ஆறு வட்டங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஆளுயரக் குழாய்கள் நிற்கின்றன. மூன்று வட்டங்களில் வளர்பருவம் முழுக்கப் பகல் நேரத்தில் வழக்கத்தைவிட 180 பங்கு கூடுதலாகக் கரியமில வாயு விடப்படுகிறது. மற்ற மூன்றில் சாதாரணக் காற்று. கூரையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. மழை, பூச்சி, காற்று எல்லாம் இயல்பாக வந்து போகும்.

வட்டங்களுக்குள் 2 மீட்டருக்கு 2 மீட்டர் பாத்திகள், மொத்தம் 371. சி3 புல், சி4 புல், பயறு வகைச் செடிகள், மற்ற பூச்செடிகள் என்று நான்கு கூட்டத்திலிருந்தும் நான்கு நான்காக 16 இனங்கள். சில பாத்தியில் ஒரே இனம், சிலவற்றில் நான்கு, ஒன்பது, பதினாறு. பாதிப் பாத்திகளுக்கு ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 4 கிராம் தழைச்சத்து, நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 16 கிலோ. குறித்த காலத்தில் ஒரு பட்டையளவு புல்லைத் தரையோடு அறுத்து, உலர்த்தி, எடை போடுவார்கள். மண்ணைத் துளைத்து எடுத்து வேரைக் கழுவி அதையும் எடை போடுவார்கள். 1998-ல் வாயு விடத் தொடங்கினார்கள். மண் மணற்பாங்கானது, தழைச்சத்து மிகக் குறைவு. மண் ஈடுகொடுக்குமா என்ற கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான மண் கிடைப்பது கஷ்டம்.

தழைச்சத்து குறைஞ்ச மண்ணுல கரியமில வாயு வேலை செய்யாதா?

செய்யும், ஆனால் நீடிக்காது. பயோகானில் முதல் சில ஆண்டுகள் தழைச்சத்து போட்ட பாத்தியும் போடாத பாத்தியும் கூடுதல் கரியமில வாயுவுக்கு ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தன. அப்புறம் இரண்டும் பிரிந்தன. தழைச்சத்து போட்ட பாத்திகளில் வளர்ச்சி தொடர்ந்தது, போடாதவற்றில் சுருங்கியது. அந்தச் சோதனையை நடத்தும் பீட்டர் ரைஷ் குழு இதை 2006-ல் வெளியிட்டது.

காரணம் எளிது. வேகமாக வளரும் புல் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தன் உடம்புக்குள் பூட்டி வைத்துக்கொள்கிறது. அந்தப் புல் காய்ந்து விழும்போது அதில் கார்பன் அதிகம், தழைச்சத்து குறைவு. அப்படிப்பட்ட சருகை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். செடிக்கு மிஞ்சுவது வருடத்துக்கு வருடம் குறையும். இரண்டு மூன்று வருடச் சோதனையை வைத்து எதிர்காலத்தைச் சொல்லிவிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இருபது வருஷம் பார்த்ததுல புதுசா என்ன தெரிஞ்சது?

யாரும் எதிர்பார்க்காத ஒன்று. முதல் 12 ஆண்டுகள் பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்தது: கூடுதல் கரியமில வாயுவில் சி3 புற்களின் எடை சராசரியாக 20 சதவீதம் கூடியது, சி4 புற்களில் 1 சதவீதம்தான். அடுத்த 8 ஆண்டுகளில் அப்படியே தலைகீழ். சி3 புற்கள் சாதாரணக் காற்றில் இருந்தவற்றைவிட 2 சதவீதம் குறைந்தன, சி4 புற்கள் 24 சதவீதம் கூடின. அது 2018-ல் வெளியானபோது இந்தத் துறையில் இருந்த எல்லோரும் தங்கள் கணிப்புகளைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. 12 ஆண்டோடு சோதனையை மூடியிருந்தால் பழைய விதியே சரி என்று அச்சில் ஏறியிருக்கும்.

ஏன் தலைகீழாச்சு?

மண்தான். மக்கிய பொருளிலிருந்து செடி எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்குத் தழைச்சத்து மாறும் வேகத்தையும் அதே பாத்திகளில் அளந்து வந்தார்கள். கரியமில வாயு கூடிய சி3 பாத்திகளில் அந்த வேகம் முதலில் ஏறிப் பிறகு இறங்கியது. சி4 பாத்திகளில் முதலில் இறங்கிப் பிறகு ஏறியது. புல்லின் வளர்ச்சி அதைப் பின்தொடர்ந்தது. மண்ணுக்குள் அந்த மாற்றத்தைத் தூண்டியது எது என்பது விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழுமையாகப் பிடிபடவில்லை.

பசுமைக்குடில்ல கரியமில வாயு விட்டே மகசூல் எடுக்கிறாங்களே?

எடுக்கிறார்கள், தக்காளி, வெள்ளரி எல்லாம். அங்கே தண்ணீரும் சத்தும் சொட்டு நீரோடு செடிக்கு வேண்டிய அளவில் போய்க்கொண்டே இருக்கின்றன. மண்ணின் தட்டுப்பாடு என்பதே இல்லை. மேலே சொன்னதற்கு இது மறுப்பு ஆகாது, சான்றுதான்.

பயறு வகையைக் கலந்து விதைச்சா தழைச்சத்துப் பிரச்சினை தீராதா?

ஓரளவு தீரும். சுவிட்சர்லாந்தில் சூரிக்குக்கு அருகே எஷிகோனில் 1993 முதல் பத்தாண்டுகள் ரைப்புல் என்ற தீவனப்புல்லையும் வெள்ளைக் குளோவர் என்ற பயறு வகைச் செடியையும் வளர்த்துப் பார்த்தார்கள். தழைச்சத்து குறைவாகப் போட்ட ரைப்புல் கூடுதல் கரியமில வாயுவுக்கு அசையவே யோசித்தது. காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடிக்கும் குளோவர் நன்றாக வளர்ந்தது. நம் பக்கம் கம்பு நேப்பியர் புல்லோடு வேலிமசாலையும் தட்டைப்பயறையும் சேர்க்கச் சொல்வதிலும் இந்த நியாயம் இருக்கிறது.

ஆனால் பயறின் வேரில் தழைச்சத்தைப் பிடிக்கும் முடிச்சு வேலை செய்யவும் மணிச்சத்து வேண்டும், மாலிப்டினம் என்ற உலோகமும் துளியளவு வேண்டும். ஃப்ளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தை ஒட்டிய குறுங்காட்டில் ஒரு காட்டுப் பயறுக்கொடியைக் கவனித்தார்கள். கூடுதல் கரியமில வாயுவில் முதல் ஆண்டு அது பிடித்த தழைச்சத்து கூடியது. மூன்றாம் ஆண்டுக்குள் அந்தக் கூடுதல் மறைந்து, பிறகு சாதாரணக் காற்றில் இருந்ததைவிடக் குறைந்தும்விட்டது. இலையில் மாலிப்டினம் குறைந்ததோடு அது பொருந்தியது. ஒரு பூட்டைத் திறந்தால் அடுத்த பூட்டு.

அப்போ காத்துல கூடக்கூட யூரியாவையும் கூட்டிக்கிட்டே போகணுமா?

கூடவே கூடாது. மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு மேல் போடும் யூரியாவில் பெரும்பகுதி புல்லுக்கே போய்ச் சேராது. அம்மோனியாவாகக் காற்றில் போகும், நைட்ரேட்டாகக் கிணற்றில் இறங்கும், நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேறும். இந்தக் கடைசி வாயு எடைக்கு எடை கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு அருகில் பூமியைச் சூடாக்கக் கூடியது. கரியமில வாயுவால் வந்த சிக்கலுக்கு அதைவிடப் பெரிய வாயுவால் வைத்தியம் பார்க்க முடியாது. தொழு உரம், பயறுக் கலப்பு, பிரித்துப் போடும் உரம், இவைதான் மண்ணின் கையிருப்பைக் காக்கும்.

இயற்கைப் புல்வெளியில தழைச்சத்து கூடினா புல்லு நல்லாத்தானே வளரும்? அதுல என்ன கெடுதல்?

எடை கூடும், இனங்கள் குறையும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் பார்க் கிராஸ் என்ற வைக்கோல் நிலத்தில் 1856 முதல் இன்றுவரை ஒரே மாதிரி உரமிட்டு வருகிறார்கள். உரமே போடாத பாத்தியில் சுமார் 40 இனங்கள் கலந்து நிற்கின்றன. அம்மோனியம் சல்பேட்டை மட்டும் ஆண்டாண்டாக வாங்கிய, சுண்ணாம்பு போடாத பாத்தியில் மண்ணில் அமிலம் ஏறிப் புளித்து, தாக்குப்பிடிக்கும் ஒன்றிரண்டு புல்தான் மிச்சம். புளிப்பில்லாத மண்ணிலும் உரம் வாங்கி உயர்ந்த புல் நிழலடித்துச் சின்னச் செடிகளை ஒழித்துவிடுகிறது. நல்ல செய்தி ஒன்று: காற்றுவழி வரும் தழைச்சத்து மாசு 1990-களிலிருந்து குறைந்ததும் அங்கே இனங்கள் ஓரளவு மீண்டன.

கரியமில வாயு இதில் எந்தப் பக்கம் சேரும் என்றும் கேட்பார்கள். பயோகானில் முதல் பத்தாண்டில் சாதாரணக் காற்றில் தழைச்சத்து 16 சதவீத இனங்களைக் குறைத்தது, கூடுதல் கரியமில வாயுவில் 8 சதவீதம்தான். அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டார்கள். 24 ஆண்டுக் கணக்கு 2024-ல் வந்தபோது அதுவும் திரும்பிவிட்டது. பிந்தைய ஆண்டுகளில் கரியமில வாயு அந்த இழப்பைத் தணிக்கவில்லை, பெருக்கியது.

அரிசியில சத்து குறையுதுன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

உண்மை. ஜப்பானிலும் சீனாவிலும் திறந்த வயலில் 570 முதல் 590 பங்கு வரை கரியமில வாயு விட்டு 18 நெல் ரகங்களைச் சோதித்தார்கள். 2018-ல் வந்த முடிவு: புரதம் 10 சதவீதம், இரும்பு 8 சதவீதம், துத்தநாகம் 5 சதவீதம் குறைந்தன. ஃபோலேட் என்ற பி9 வைட்டமின் 30 சதவீதம் போனது. குழம்பில் தண்ணீர் கூடினால் காரம் குறைவது போல, மாவுச்சத்து கூடியதில் மற்றவை நீர்த்துப்போவது ஒரு காரணம். இலைத்துளை சுருங்கியதால் வேரை நோக்கி மண்ணின் நீரோடு இழுபட்டு வரும் சத்துக்கள் குறைவது இன்னொன்று. ரூபிஸ்கோ குறைவாகவே போதும் என்பதால் செடி தழைச்சத்தையே குறைவாக வைத்துக்கொள்வது மூன்றாவது.

சோறே முக்கால் சாப்பாடாக இருக்கும் வீடுகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதைப் பேசும்போது எனக்குக் கவலையும் கோபமும் சேர்ந்தே வரும், ஏனென்றால் வாயுவை அதிகம் விட்டவர்கள் இந்த வீடுகளில் இல்லை. சோளம், மக்காச்சோளம் போன்ற சி4 தானியங்களில் இந்தக் குறைவு மிகவும் சிறிது.

மாடு மேயுற புல்லுக்கும் இதே கதியா?

செயென் சோதனையில் (நான்காம் கேள்வி) புல்லின் அளவு கூடினாலும் தீவனத் தரம் ஆண்டுதோறும் குறைவாகவே இருந்தது. தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் மாட்டின் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்கள் தளர்ந்துவிடும். செரிமானம் மந்தமாகும், மாடு தின்னும் அளவே குறையும். வயிறு முட்டப் புல் இருந்தும் கறவை ஏறாது.

பூச்சிகளுக்கும் இதே நிலை. கான்சாஸ் மாநிலத்தின் கோன்சா புல்வெளியில் உரமோ பூச்சிமருந்தோ போடுவதில்லை. அங்கே முப்பது ஆண்டுகளில் புல்லின் எடை ஏறியது, அதில் தழைச்சத்து, மணிச்சத்து, பொட்டாசியம், சோடியம் இறங்கின. வெட்டுக்கிளிகள் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் குறைந்துகொண்டே வந்தன.

நெல் சி3, குதிரைவாலிக் களை சி4. அப்போ களை தானா அடங்கிடுமா?

நெல்லுக்குத் தழைச்சத்து போதுமான அளவு இருந்தால் நெல் முந்தும். சீனாவில் வயலில் சோதித்தபோது அப்படித்தான் வந்தது. தழைச்சத்து குறைந்த பாத்திகளில் அந்தச் சாதகம் போய், களை பக்கம் தராசு சாய்ந்தது. களையெடுப்பை விடவே முடியாது.

சாட்டிலைட் படத்துல பூமி பச்சையாகுதுன்னு வருதே?

ஆகிறது. 1980-களிலிருந்து செடிகொடி உள்ள நிலத்தில் கால்பங்கு முதல் பாதிவரை இலைப்பரப்பு கூடியிருக்கிறது, அதில் பெரும்பங்கு கரியமில வாயுவால்தான் என்று 2016-ல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது இலையின் பரப்பை. அந்த இலையில் எவ்வளவு துத்தநாகம், எவ்வளவு புரதம் என்பது அந்தப் படத்தில் தெரியாது.

கரியமில வாயு குறைவா இருந்த காலத்துல புல் எப்படி இருந்துச்சு?

இதற்கு நம் மலையிலேயே விடை இருக்கிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் சதுப்பில் படிந்த கரிமண்ணை அடுக்கடுக்காக எடுத்து, சூழலியல் அறிஞர் ரா. சுகுமாரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். சி3, சி4 செடிகள் கார்பனின் கனமான வகையை வெவ்வேறு விகிதத்தில் எடுக்கும். மக்கிப் பல்லாயிரம் ஆண்டானாலும் அந்த அடையாளம் அழியாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், நீலகிரியில் சி4 புல் ஓங்கியிருந்தது. அப்போது காற்றில் கரியமில வாயு 190 பங்கு அளவில்தான், மழையும் குறைவு. பிறகு ஈரமும் கரியமில வாயுவும் ஏறியபோது சி3 செடிகள் பரவின.

மினசோட்டாவுல நடந்ததை நம்ம கொறங்காட்டுக்கு அப்படியே பொருத்தலாமா?

அப்படியே பொருந்தாது. அங்கே பனிக்காலத்தில் மண் உறைந்து கிடக்கும், இங்கே ஈரம் இருக்கும்போதெல்லாம் மக்கும். அங்கே சோதனைப் பாத்தியில் மாடு கிடையாது. கொறங்காடு என்பது காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். அதில் மாடும் ஆடும் மேய்ந்து, சாணத்திலும் மூத்திரத்திலும் தழைச்சத்தைத் திருப்பிப் போடுகின்றன. அது மண்ணுக்குப் பெரிய வரவு. கொறங்காட்டில் மேய்கிற புல் சி4 வகையான கொழுக்கட்டைப்புல், அதனால் செயென் போல, மழை பொய்க்கும் ஆண்டில் கூடுதல் கரியமில வாயு கொஞ்சம் ஈரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

பொருந்துவது மண்ணைப் பற்றிய பகுதி. கொறங்காட்டு மண்ணிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. சாணத்தை முழுக்க அள்ளி வெளியே விற்றுவிட்டு, மேய்ச்சலுக்கு ஓய்வும் விடாமல், காற்று வளர்த்துக்கொடுக்கும் என்று இருந்தால் புல்லின் புரதம் இறங்கும். வேலியோரத்து வெள்வேல மரத்தையும் புல்லுக்குள் தானாக முளைக்கும் பயறுக்கொடிகளையும் வெட்டாமல் விடுங்கள். வெள்வேலின் நெற்றுக்கு ஆடுகள் ஓடிவரும், அதில் புரதமும் உண்டு.